பிரேக் ஆயில் குடித்த ரிம் பிரேக்: கீழக்கரைச் சைக்கிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சைக்கிளில் ஹைட்ராலிக் பிரேக், அதாவது கம்பிக்குப் பதில் ஹோஸ் என்ற மெல்லிய குழாய்க்குள் அடைத்த திரவத்தால் இயங்கும் பிரேக், என்றதும் எல்லோரும் டிஸ்க் பிரேக்கைத்தான் நினைக்கிறார்கள். சாதாரண அலுமினிய ரிம்மையே இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. ஜெர்மனியின் பாட் உராக் ஊரைச் சேர்ந்த, 1893-இல் தொடங்கிய மகுரா நிறுவனம் 1987-இல் அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. எச்.எஸ். 11, எச்.எஸ். 33 என்று வந்த மாடல்கள் ஐரோப்பாவில் தொலைதூரப் பயணச் சைக்கிள்களிலும், பாறைக்குப் பாறை தாவும் டிரயல்ஸ் சைக்கிள்களிலும் நிறைய ஓடுகின்றன. இதில் கம்பி கிடையாது, ஆகவே கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகும் தொல்லையும் கிடையாது. உப்புக் காற்று அடிக்கும் கரைக்கு இதைவிடப் பொருத்தமான ரிம் பிரேக் இல்லை என்பது என் கருத்து.

சிக்கல் உள்ளே இருக்கும் எண்ணெயில்தான். மகுரா தன் பிரேக்குக்கென்று நீல நிறத்தில் 'ராயல் பிளட்' என்ற மினரல் ஆயிலை, அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெயை, தருகிறது. வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றும் சொல்கிறது. ராமநாதபுரம் பக்கம் எந்தக் கடை அலமாரியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. பிரேக் தொய்ந்துபோனால் கைக்கு எட்டுகிற ஏதோ ஒன்றை ஊற்றத்தான் யாருக்கும் தோன்றும். அப்படி ஊற்றியதால் கெட்டுப்போன ஒரு பிரேக்கைப் பற்றியும், அதைச் சரிசெய்யும் சாக்கில் நாங்கள் பார்த்த மாற்றுத் திரவங்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

வண்டியும் கோளாறும்

வண்டி கீழக்கரையைச் சேர்ந்த ஒருவருடையது. எங்கள் பட்டறையில் எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது அங்கே ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கிய பழைய பயணச் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். முன்னும் பின்னும் எச்.எஸ். 33 பிரேக். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று முன் பிரேக்கின் ஹோஸை லீவரிலிருந்து யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஊரில் வந்து மாட்டியபோது உள்ளே காற்று புகுந்துவிட்டது. லீவரை அமுக்கினால் கைப்பிடிவரை போய் முட்டியது.

காக்கா வண்டியை ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே பைக்குக்கு ஊற்றும் டாட் 3 பிரேக் ஆயிலை ஊற்றிக் காற்றை எடுத்துக் கொடுத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. லீவர் கெட்டியாக நின்றது, பிரேக் பளிச்சென்று பிடித்தது. சில வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தச் சில வாரம்தான் ஆளை ஏமாற்றும் காலம். தவறான திரவம் முதல் நாளே தன் குணத்தைக் காட்டாது.

ஆடி மாதம் ராமேசுவரம் போய்த் திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் மிதி கனத்தது. 1988-இல் திறந்த, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம் அது. மேற்கே வரும்போது எதிரே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அறையும், நல்ல சைக்கிளே அங்கே திணறும். காற்றுதான் காரணம் என்று அவர் மிதித்துக்கொண்டே வந்தார். நடு உச்சி தாண்டி மண்டபம் பக்கம் இறங்கும்போதும் வண்டி உருளாமல் இழுத்துப் பிடித்தது. இறங்கிப் பார்த்தால் முன் ரிம் சுடுகிறது, கட்டை இரண்டும் ரிம்மை விட்டு நகரவே இல்லை. லீவரை விரலால் முன்னுக்குத் தள்ளினால் மெல்ல மெல்லத் திரும்பியது.

"காத்துன்னு நெனச்சேன் தம்பி, பாலம் முழுக்க பிரேக்க புடிச்சிட்டேதான் மிதிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை இறக்கினார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

என்ன ஊற்றினார்கள் என்று காக்காவுக்குத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். காற்றையும் திரவத்தையும் வெளியேற்ற வைத்திருக்கும் ப்ளீட் திருகைத் திறந்து உள்ளிருக்கும் திரவத்தில் சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டோம். முன் பிரேக்கிலிருந்து வந்த வெளிர் மஞ்சள் திரவம் தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. யாரும் கை வைக்காத பின் பிரேக்கின் நீல எண்ணெய் மேலே வட்டமாக மிதந்தது. மினரல் ஆயில் மிதக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் ஈதர் வகை, அவை கரையும். டாட் 5 மட்டும் சிலிகோன், அது கரையாது. நம் பைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 3-ம் 4-ம் என்பதால் இந்தச் சோதனையை நம்பலாம்.

முன் பக்கத்தைப் பிரித்தபோது பிஸ்டன் தானாக வெளியே வரவில்லை. திரவம் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரப்பர் சீல் ஊதிப் பருத்து, சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நல்ல சீல் அழுத்திய நொடியே எழும்பிவிடும். ரிம் பக்கத்து சிலிண்டர்களிலும் அதே கதைதான்.

ரப்பரிடம் முதலில் கேட்க வேண்டும்

எந்த ஹைட்ராலிக் பிரேக்கானாலும் திரவத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது சீல் செய்திருக்கும் ரப்பர். மினரல் ஆயிலுக்கென்று கட்டிய பிரேக்குகளில் பொதுவாக நைட்ரைல் ரப்பர் இருக்கும். பெட்ரோலிய எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது, கிளைகால் ஈதர் அதற்குள் ஊறி ஊதவைத்து வலுவைக் குறைக்கும். டாட் திரவத்துக்கென்று கட்டிய பைக், கார் பிரேக்குகளில் ஈ.பி.டி.எம். ரப்பர். அது நேர் எதிர்: டாட்டைத் தாங்கும், மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும். ஆகவே "நல்ல ஆயில், மோசமான ஆயில்" என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. பைக்குக்கு உயிர் காக்கும் திரவம் இந்தப் பிரேக்குக்கு ஆகாது, இதன் எண்ணெய் பைக்குக்கு ஆகாது.

சைக்கிள் உலகத்திலேயே இரண்டு கட்சியும் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. ஷிமானோ, மகுரா மினரல் ஆயில் கட்சி. டாட் கேட்கும் சைக்கிள் டிஸ்க் பிரேக்குகளும் சந்தையில் உண்டு. "சைக்கிள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு எந்த ஆயில்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. லீவரிலோ அதன் மூடியிலோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை வைத்தோம். மதுரையில் ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் புது நைட்ரைல் ஓ-ரிங்குகள் வாங்கி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொரு திரவத்திலும் ஒன்றைப் போட்டு அலமாரியில் வைத்தோம். அவ்வப்போது எடுத்துத் துடைத்து வெர்னியரில் அளந்தோம். டாட் 3 குப்பியில் இருந்தது கனத்து, தொட்டால் குழைந்தது. மினரல் ஆயில், திரவ பாரஃபின், ஃபோர்க் ஆயில், கார் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் கலந்த தண்ணீர் இவற்றில் கிடந்தவை வாங்கியபோது இருந்த அளவிலேயே இருந்தன. ஓ-ரிங் வேறு, பிரேக்கின் சீல் வேறு. ஆனாலும் புதிதாக ஒரு திரவத்தை உள்ளே விடுவதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. செய்யாமல் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொதிநிலை பயம் இங்கே செல்லாது

பட்டறைக்காரர்கள் டாட்டை நம்புவதற்குக் காரணம் கொதிநிலை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி, டாட் 4 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம். பைக் டிஸ்க்கில் சூடு பேட் வழியாக நேரே பிஸ்டனுக்கு ஏறும். திரவம் கொதித்து ஆவிக் குமிழி வந்தால் லீவர் தொய்ந்துவிடும். அங்கே அந்த எண் அவசியம்.

ரிம் பிரேக்கில் நிலைமை வேறு. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். அதைச் சுத்தமாக நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2,200 ஜூல். அது முழுவதும் அரைக் கிலோ எடையுள்ள ஒரே அலுமினிய ரிம்முக்குள் போனாலும் ரிம்மின் சூடு 5 டிகிரிதான் ஏறும். அந்தச் சூடும் காற்றில் சுற்றும் ரிம்மிலேயே ஆறிவிடும். நடுவில் தடித்த ரப்பர் கட்டை வேறு இருக்கிறது, அது சூட்டைப் பிஸ்டனுக்குக் கடத்தாது. ஆல்ப்ஸ் மலையில் பாரத்தோடு நெடுநேரம் இறங்குகிறவர் இதைப் பற்றிக் கவலைப்படலாம், அவருக்கும் முதலில் ரிம்மும் டயரும்தான் கவலை. திருப்புல்லாணியிலிருந்து சாயல்குடிவரை மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத நம் கரையில், பாம்பன் பாலம்தான் இருப்பதிலேயே உயரமான ஏற்றம். தண்ணீரே ஊற்றினாலும் இங்கே கொதிக்காது.

கைக்கு எட்டிய திரவங்கள்

சிபாரிசுகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார். அது 24 டிகிரிக்குப் பக்கத்தில் உறையும். மார்கழி வாடைக் காற்றில் விடிகாலை குப்பியில் கட்டியாக நிற்பதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். நல்லெண்ணெய், கடலையெண்ணெய் எல்லாம் நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசினாகும். சமையலறை எண்ணெய் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம்: தீப்பிடிக்கும், வழவழப்புப் போதாது.

எஞ்சின் ஆயிலை ரப்பர் தாங்கும். ஆனால் அது மிகக் கெட்டி. 20டபிள்யூ-40 வகை எண்ணெய் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் நிற்கும்; திரவத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு அது. பிரேக் ஹோஸின் உள் துவாரம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். மெல்லிய குழாயில் திரவம் எப்படி ஓடும் என்பதை ஹாகன் 1839-இலும் புவாசேய் 1840-களிலும் அளந்து சொல்லிவிட்டார்கள்: துவாரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். கெட்டித்தன்மை இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதியாகும். கையால் அமுக்கும்போது இது பெரிதாகத் தெரியாது, கைக்குப் பலம் இருக்கிறது. லீவரை விட்டபின் கட்டையைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங்கின் சிறு பலம் மட்டுமே. அங்கேதான் கெட்டி எண்ணெய் காலை வாரும், கட்டை சோம்பலாக விலகும்.

மருந்துக்கடைத் திரவ பாரஃபினைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். அது நல்ல யோசனைதான். நிறமில்லாத, சுத்திகரித்த மினரல் ஆயிலே அது. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய மருந்துத் தரப்படி சாதாரணத் திரவ பாரஃபினின் பாகுத்தன்மை 20 டிகிரியில் 110 முதல் 230 மில்லிபாஸ்கல் வினாடி, 'லைட்' வகைக்கு 25 முதல் 80. தண்ணீருக்கு இது 1. மலச்சிக்கலுக்கு மருந்தாகக் கொடுப்பது பெரும்பாலும் கெட்டி வகை, அதை ஊற்றினால் எஞ்சின் ஆயில் கதையேதான். லைட் வகை கிடைத்தால் அவசரத்துக்கு உதவும். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் பலவும் இந்த லைட் வகையில் வாசனை சேர்த்ததுதான். தாவர எண்ணெய் கலந்த பேபி ஆயிலும் விற்கிறார்கள், பாட்டிலின் பின்பக்கம் படிக்காமல் வாங்கக் கூடாது. துருவைத் தடுக்கும் சேர்மானம் இவற்றில் எதுவும் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பைக்கின் முன் ஷாக்குக்கு ஊற்றும் ஃபோர்க் ஆயில் இதைவிட மேல். ஃபோர்க்கின் சீலும் நைட்ரைல் வகைதான் என்பதால் ரப்பரோடு ஒத்துப்போகும்படியே அதைத் தயாரிக்கிறார்கள், துரு எதிர்ப்பும் இருக்கும். 2.5 அல்லது 5 என்று போட்ட மெல்லிய வகையாகப் பார்க்க வேண்டும். இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி ஒரே கெட்டியைக் குறிக்காது. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று தகவல் தாளில் போட்டிருப்பார்கள், அதையே பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஷிமானோவின் சிவப்பு மினரல் ஆயில். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள்கள் பெருகிய பிறகு மதுரையின் பெரிய சைக்கிள் கடைகளில் சிறு பாட்டிலாகக் கிடைக்கிறது. சைக்கிளின் மெல்லிய ஹோஸுக்கென்றே செய்தது, மினரல் ஆயில் தாங்கும் சீலுக்கென்றே செய்தது. மகுரா இதை ஏற்காது, வாரண்டி இருந்தால் போய்விடும். காக்காவின் வண்டிக்கு வாரண்டி முடிந்து யுகமாகிறது.

தண்ணீர்

காக்காவின் மனம் தண்ணீரில் நின்றது. டிரயல்ஸ் ஓட்டுகிறவர்கள் இதே மகுரா பிரேக்கில் எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்புகிறார்கள் என்று எங்கோ பார்த்திருக்கிறார். அது உண்மைதான். ஒரு பாறை விளிம்பில் நின்று நொடிக்குள் பிடித்து விட்டுப் பிடிக்க வேண்டியவர்களுக்கு லீவரின் வேகம்தான் எல்லாம். குளிர்நாடு என்பதால் உறையாமல் இருக்கக் கூலண்டும் சேர்ப்பார்கள்.

தண்ணீர் ஊற்றினால் லீவர் கெட்டியாகும், ஏனென்றால் தண்ணீர் அமுங்காது என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அது சரியல்ல. 10 மில்லி திரவத்தில் 50 பார் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் 0.023 மில்லி அமுங்கும், மினரல் ஆயில் 0.03 மில்லி. வித்தியாசம் ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹோஸ் ஊதுவதும் ரப்பர் கட்டை நசுங்குவதும் அதைவிடப் பல மடங்கு. கையில் தெரியும் மாற்றம் தண்ணீர் நீர்த்து ஓடுவதால் வருவது: லீவர் சட்டென்று போகிறது, சட்டென்று திரும்புகிறது. இன்னொன்றும் உண்டு. தண்ணீரில் காற்றுக் குமிழி எளிதாக மேலேறிவிடும், அதனால் காற்றைச் சுத்தமாக எடுக்க முடிகிறது.

நம் கரையில் எந்தத் தண்ணீர் என்ற கேள்வி வருகிறது. ராமநாதபுரத்துப் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்த உப்பின் குளோரைடு அலுமினியத்தின் மேல்படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும், எஃகு ஸ்பிரிங்கைத் துருவாக்கும். காவிரி கூட்டுக் குடிநீரும் இதற்குப் போதாது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஒன்றுதான் வழி. அதிலும் வெறும் தண்ணீராக விடக் கூடாது, காருக்கான கூலண்ட் கலக்க வேண்டும். நமக்கு உறைதல் பிரச்சினை இல்லை. நாம் கூலண்டைக் கேட்பது அதில் உள்ள அரிப்புத் தடுப்பானுக்காக. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால், பிரேக் ஆயிலின் கிளைகால் ஈதர் அல்ல. நைட்ரைல் ரப்பர் அதைத் தாங்கும்.

எத்திலீன் கிளைகால் இனிக்கும், விஷம். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பிள்ளைகளோ நாயோ பூனையோ குடித்துவிடும். பட்டறையில் இதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தோம்.

முன் பிரேக்கின் சீல்கள் தேறவில்லை. துபாயில் இருக்கும் காக்காவின் மருமகன் பழைய முன் செட் ஒன்றை வாங்கி அனுப்பினார். அது வரும்வரை வண்டி தெருவைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம். வந்த செட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலசி உலரவிட்டு, அவர் ஆசைப்படி பேட்டரி தண்ணீரும் கூலண்டும் சரிபாதி கலந்து நிரப்பினோம். லீவரில் உள்ள சரிசெய் குமிழை முழுதும் வெளியே திருகிவிட்டு, கீழே ரிம் பக்கத்து சிலிண்டரிலிருந்து சிரிஞ்சால் மேலே தள்ளினோம். லீவரின் ப்ளீட் துவாரம் இருப்பதிலேயே உயரமாக இருக்கும்படி வண்டியைச் சாய்த்துக்கொள்ள வேண்டும், குமிழிகள் அங்கேதான் வந்து சேரும். எண்ணெய் இருந்த பிரேக்கில் தண்ணீர் விடுவதானால் பழைய எண்ணெயை ஒட்ட அலச வேண்டும், இல்லாவிட்டால் பால் போல் குழம்பி நிற்கும்.

முதல் நாள் காக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் அத்தனை துடிப்பாக இருந்தது. பின் பிரேக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு அது கிழவன் மாதிரி இருக்கிறது என்றார்.

மழைக்காலம் கழிந்து வண்டி மீண்டும் வந்தபோது லீவர் திரும்பும்போது கீச்சிட்டது. பிஸ்டன் நுனியில் ஈரக் கசிவு. பிரித்துப் பார்த்தோம். ரப்பர் நன்றாக இருந்தது, உலோகமும் அரிக்கவில்லை, ஆனால் சீல் ஓடும் பாதை வறண்டு கிடந்தது. எண்ணெய் பிரேக்கில் திரவமே வழவழப்பும் கொடுக்கிறது. தண்ணீருக்கு அந்தக் குணம் போதாது. வாரா வாரம் பிரேக்கைப் பிரித்து மேயும் டிரயல்ஸ்காரருக்கு இது பொருட்டல்ல. ஊற்றிவிட்டு வருடக் கணக்கில் மறந்துவிட நினைக்கும் பயணச் சைக்கிளுக்கு ஒத்துவராது. தண்ணீரை வடித்து, அலசி, உலர்த்தி, ஷிமானோ மினரல் ஆயிலை நிரப்பினோம். பின் பிரேக்கின் நீல எண்ணெயும் பழசாகிவிட்டதால் அதையும் முழுக்க வடித்துவிட்டு அதே சிவப்பு எண்ணெயை விட்டோம். நீலத்தின் மேல் சிவப்பை ஊற்றிக் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிறம் ஒன்றாக இருந்தால்தான் நாளை அது மாறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

அரிச்சல்முனை வெயில்

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். காக்கா தனுஷ்கோடி போய் அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மதியம் எடுத்தபோது இரண்டு சக்கரமும் லேசாக உரசியிருக்கிறது. மீண்டும் சீல் போயிற்றோ என்று பதறி வந்தார். பட்டறை நிழலில் சோதித்தால் எந்த உரசலும் இல்லை.

இது மூடிய பிரேக்கின் இயல்பு. பைக் பிரேக்கில் திரவத்துக்கு மேலே ஒரு தொட்டி இருக்கும். லீவரை விட்டிருக்கும்போது தொட்டிக்குப் போகும் துவாரம் திறந்திருக்கும், வெயிலில் விரியும் திரவம் அதில் ஏறிக்கொள்ளும். எச்.எஸ். பிரேக்கில் தொட்டி கிடையாது. விரிகிற திரவம் போக ஒரே இடம் கட்டைப் பக்கம்தான்.

தோராயமாகக் கணக்குப் போடலாம். பிரேக்குக்குள் 10 மில்லி எண்ணெய், 16 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு பிஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். மினரல் ஆயில் டிகிரிக்கு பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரியும். காலை 28 டிகிரியில் இருந்த கறுப்பு ஹோஸ் நடுப்பகல் வெயிலில் 50 டிகிரியானால் விரிவு 0.15 மில்லி. ஒவ்வொரு கட்டையும் ரிம்மை நோக்கி 0.4 மில்லிமீட்டர் நகரும். கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியே ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வைக்கிறோம். சக்கரத்தில் சிறு கோணல் இருந்தால் உரசல் நிச்சயம். இதே கணக்கில் தண்ணீர் பாதிதான் விரியும். தண்ணீருக்கு இது ஒரு நியாயமான மதிப்பெண், மறைக்க வேண்டியதில்லை.

தீர்வு திரவத்தில் இல்லை, இடைவெளி வைக்கும் நேரத்தில் இருக்கிறது. விடிகாலைக் குளிர்ச்சியில் கட்டையை நெருக்கி வைத்தால் மதியம் உரசும். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஹோஸ் தொட்டால் சுடும்போது இடைவெளி வைக்க வேண்டும். காலையில் லீவர் கொஞ்சம் கூடுதலாகப் போகும், கை பழகிக்கொள்ளும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் முனைவரை நிழலே கிடையாது என்பதால், அந்தப் பக்கம் போகிறவர் சரிசெய் குமிழைக் கொஞ்சம் தளர்த்திவிட்டே கிளம்பலாம். திரும்பி வந்ததும் பழையபடி இறுக்கிக்கொள்ள மறக்கக் கூடாது.

வெளியே இருக்கும் உப்பு

உள்ளே எந்தத் திரவம் என்பதற்கு இத்தனை கவனம் கொடுத்துவிட்டு வெளிப்புறத்தை விட்டுவிட்டால் பலன் இல்லை. பாம்பன், மண்டபம் பகுதி உலோகத்தைத் தின்னும் இடம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்பை ஆராயக் களம் வைத்திருப்பது அதனால்தான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் அரிப்பால் பாதுகாப்பு குறைந்து 2022 கடைசியில் ரயில்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் சைக்கிளின் ப்ளீட் திருகு எம்மாத்திரம்.

காக்காவின் வண்டியில் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது, அது அலுமினியத்தின் துரு. துடைத்துவிட்டு மரையில் துளி கிரீஸ் வைத்துப் பூட்டினோம். கிரீஸ் ரிம்மிலோ கட்டையிலோ படக் கூடாது. ரிம்மில் ஒட்டும் மணல் கட்டைக்குள் பதிந்து அலுமினியத்தைச் சுரண்டும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ரிம்மைக் கழுவி, கட்டையின் முகத்தைப் பார்த்து, பதிந்த மணலை ஊசியால் எடுத்துவிட வேண்டும். டாட் பிரேக் ஆயில் கொட்டிய இடத்தில் பெயின்ட் உரியும். காக்காவின் ஃபோர்க்கில் முதல் பட்டறையில் கொட்டிய தடம் இன்றும் இருக்கிறது, உரிந்த இடத்தில் பெயின்ட் தொட்டுவிட்டோம்.

இப்போது இரண்டு பிரேக்கும் சிவப்பு மினரல் ஆயிலில் ஓடுகின்றன. லீவர் தண்ணீரில் இருந்த அளவு துடிப்பில்லை, ஆனால் கீச்சிடவில்லை, கசியவில்லை. வருடம் ஒருமுறை ப்ளீட் திருகைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

இதே பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லீவருக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "உள்ளே மினரல் ஆயில், டாட் பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள்" என்று தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த ஊரில் உதவி செய்ய வரும் மெக்கானிக்குக்கு அது போய்ச் சேரும். வடித்த மினரல் ஆயிலைக் கழிவு எஞ்சின் ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். டாட் திரவத்தையும் கூலண்டையும் அதோடு கலக்காமல், பெயர் எழுதிய தனித்தனி பாட்டிலில் கொடுங்கள். சாக்கடையில் விட்டால் நம் ஊரில் அது கடைசியில் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடாதான்.